காவல்துறை கண்டும் காணாமல் விட்ட இரவுகள்: இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பெர்லின்

1920களின் பெர்லினில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் கூடுவதற்கென்றே மதுக்கூடங்கள், காபிக் கடைகள், நடன அரங்குகள், சங்க அறைகள் எனச் சுமார் எண்பது முதல் நூறு இடங்கள் இயங்கிவந்தன. அவற்றின் முகவரிகள் பத்திரிகைகளில் விளம்பரங்களாக வெளிவந்தன. அந்தப் பத்திரிகைகள் தெருமுனைக் கடைகளில் மற்ற இதழ்களோடு சேர்ந்து தொங்கின. அதே ஆண்டுகளில் ஆணோடு உறவு கொண்ட குற்றத்துக்காக ஆண்களை ஜெர்மானிய நீதிமன்றங்கள் சிறைக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தன. 1925-ஆம் ஆண்டில் மட்டும் அப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் நாடு முழுவதிலும் ஆயிரத்துக்கும் மேல். சட்டம் குற்றம் என்று சொன்ன ஒரு வாழ்க்கை, காவல்துறைக்கு நன்கு தெரிந்த முகவரிகளில், வாசலில் விளக்கெரிய நடந்துவந்தது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால்தான், அது ஒரு சில மாதங்களில் துடைத்தெறியப்பட்டது எப்படி என்பதும் விளங்கும். அந்தக் காலத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முத்துமாலைகளிலும் ஜாஸ் இசையிலும் நின்றுவிடுகிறது. அதன் அடித்தளம் அலுவலகக் கோப்புகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் வாடகை ஒப்பந்தங்களிலும் இருந்தது.

1871-இல் ஜெர்மானியப் பேரரசு உருவானபோது இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 175-ஆவது பிரிவு, ஆண்களுக்கு இடையிலான ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கியது. பெண்களை அது குறிப்பிடவே இல்லை. ஆண்கள் விஷயத்திலும் உடலுறவுக்கு ஒப்பான செயல்கள் மட்டுமே இந்தப் பிரிவின்கீழ் வரும் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. இரண்டு ஆண்கள் கைகோத்து நடனமாடுவதோ, ஒரே மேசையில் நெருங்கி உட்கார்ந்து மது அருந்துவதோ, முத்தமிட்டுக்கொள்வதோ இதனால் குற்றமாகாது. குற்றம் என்று சொல்லத்தக்கது மூடிய அறைக்குள் நடந்தாக வேண்டும், அதற்குச் சாட்சியும் கிடைத்தாக வேண்டும். இந்த இடைவெளிக்குள்தான் ஒரு மதுக்கூடம் சட்டப்படி உயிரோடிருக்க முடிந்தது.

1885-இல் பெர்லின் காவல்துறை தன்பாலீர்ப்பாளர்களைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, லியோபோல்ட் ஃபொன் மேர்ஷைட்-ஹ்யூலெசெம் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தது. நிரூபிக்க முடியாத ஒரு குற்றத்தைத் துரத்துவதைவிட, அதைச் சூழ்ந்து வளர்ந்திருந்த மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பிடிப்பதே பயனுள்ள வேலை என்று அவர் கருதினார். செல்வந்தர்களையும் பிரபுக்களையும் உறவில் சிக்கவைத்து, 175-ஆவது பிரிவைக் காட்டி ஆண்டுக்கணக்கில் பணம் கறந்தவர்கள் நகரத்தில் நிறைய இருந்தார்கள். ஆகவே கூடுமிடங்களை மூடாமல், கண்காணித்துக்கொண்டு விட்டுவைக்கும் நடைமுறை உருவானது. எல்லோரும் எங்கே கூடுகிறார்கள் என்று தெரிந்திருப்பது காவல்துறைக்கு வசதியாகவும் இருந்தது. சாதாரண உடையில் வந்த காவலர்கள் நடன விழாக்களில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெயர்களும் முகங்களும் பதிவாகிக்கொண்டிருந்தன. முதல் உலகப் போருக்கு முன்பே பெர்லினில் இத்தகைய மதுக்கூடங்கள் பல்கியதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம். இதைத் தாராள மனம் என்று சொல்லிவிட முடியாது. அது ஒரு நிர்வாக முடிவு. எழுதியவர் கையே அதை அழிக்கவும் முடியும்.

1918 நவம்பரில் மன்னராட்சி கவிழ்ந்தபோது புதிய அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று, தணிக்கையை ஒழித்தது. இரவு வாழ்க்கையைப் பொறுத்தவரை, அந்தப் புரட்சியின் மிகப் பெரிய விளைவு இதுதான் என்பேன். 1919-இல் ‘டீ ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட்’ என்ற தன்பாலீர்ப்பாளர் இதழ் தெருக்கடைகளில் வெளிப்படையாக விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் தம்முடைய பாலியல் ஆய்வு நிலையத்தைப் பெர்லினின் டீர்கார்டன் பகுதியில் திறந்தார். 175-ஆவது பிரிவை நீக்கக் கோரி 1897-இலேயே அறிவியல்-மனிதநேயக் குழுவை நிறுவியவர் அவர். ‘மற்றவர்களைப் போல் அல்லாதவர்’ என்று பொருள்படும் தலைப்பில் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கிய திரைப்படமும் 1919-இலேயே வந்தது. மிரட்டிப் பணம் பறிப்பவனிடம் சிக்கிய ஓர் இசைக் கலைஞனின் கதை அது. ஹிர்ஷ்ஃபெல்ட் அதில் மருத்துவராகவே தோன்றினார். மறு ஆண்டே திரைப்படத் தணிக்கை திரும்பி வந்து அந்தப் படத்தைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றிவிட்டது. ஆனால் அச்சு இதழ்கள் நின்றன.

இதழ், சங்கம், நடனக் கூடம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஃப்ரீட்ரிஷ் ராட்சுவைட் என்ற வணிகர் 1923-இல் மனித உரிமைக் கழகம் என்ற அமைப்பின் தலைமைக்கு வந்தார். அவருடைய பதிப்பகம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இதழ்களை வெளியிட்டது. அந்த இதழ்களுக்கு வருமானம் தந்தவை மதுக்கூடங்களின் விளம்பரங்கள், மதுக்கூடங்களுக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தவை அந்த இதழ்கள். சங்கங்கள் வாரத்தின் குறிப்பிட்ட நாள்களில் கூடங்களை வாடகைக்கு எடுத்து நடன விழா நடத்தின, அதில் கிடைத்த பணம் சங்கத்தின் செலவுக்கு ஆயிற்று. பொமரேனியாவிலோ சிலேசியாவிலோ ஒரு சிற்றூரில் தனித்திருந்த ஒருவர் தபாலில் வந்த இதழைப் பிரித்தால், அடுத்த சனிக்கிழமை பெர்லினில் எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் தன்னைப் போன்றவர்கள் கூடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தனியாளாக இருந்தவர்களை ஒரு சமூகமாக்கியது இந்த எளிய அச்சுக் காகிதம்தான்.

மேற்கே ஷோனபெர்க் பகுதியின் நோலெண்டோர்ஃப் சதுக்கத்தைச் சுற்றியும் பியூலோ தெரு, மோட்ஸ் தெரு, க்ளைஸ்ட் தெரு ஆகியவற்றிலும் நடுத்தர வர்க்கத்தார் செல்லும் இடங்கள் நெருக்கமாக இருந்தன. 1920களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட க்ளைஸ்ட்-காசினோ, பியூலோ தெருவின் டோரியன் கிரே ஆகியவை அங்கே நெடுங்காலம் நிலைத்தவை. தெற்கே ஹாலெஷெஸ் டோர் பக்கம் போனால் தொழிலாளர்களும் வேலையில்லா இளைஞர்களும் நிறைந்த எளிய குடிக்கடைகள். ஸோசனர் தெருவிலிருந்த ‘கோஸி கார்னர்’ அவற்றில் ஒன்று. 1928-இல் பெர்லினுக்கு வந்த ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனும், மறு ஆண்டு அவரைத் தொடர்ந்து வந்த எழுத்தாளர் கிறிஸ்டோஃபர் ஐஷர்வுட்டும் அங்கே வழக்கமாகப் போனார்கள். அயல்நாட்டுப் பணத்தோடு வந்தவர்களுக்குப் பெர்லின் மலிவான நகரம். அந்த மலிவின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1932-இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் அறுபது லட்சம். குடிக்கடைகளில் வெளிநாட்டவரின் மேசைக்கு வந்து உட்கார்ந்த இளைஞர்கள் பலருக்கு அந்த இரவின் உணவும் படுக்கையும் அதைப் பொறுத்தே இருந்தன. பிற்காலத்து ஆங்கில நூல்களும் அவற்றை ஒட்டிய திரைப்படமும் உலகுக்குக் காட்டிய பெர்லின், பெரும்பாலும் வாங்க வந்தவரின் கண்ணில் பட்ட பெர்லின்.

எல்டொராடோவின் கதை இன்னும் சிக்கலானது. லூதர் தெருவில் தொடங்கிப் பின்னர் மோட்ஸ் தெருவிலும் இயங்கிய இந்த அரங்கின் முகப்பில் ‘இங்கேதான் சரியான இடம்’ என்ற வாசகம் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1927-இல் இதை வரைந்தார். பெண்ணுடை அணிந்த கலைஞர்கள் மேடையில் பாடினார்கள். வந்தவர்கள் கட்டண வில்லை வாங்கிக் கொடுத்து அவர்களோடு நடனமாடலாம். மேசைகளில் அமர்ந்திருந்தவர்களில் பெரும் பகுதியினர் வேடிக்கை பார்க்க வந்த எழுத்தாளர்கள், வங்கியாளர்கள், நடிகர்கள், சுற்றுலாப் பயணிகள். நகரம் தன்னுடைய துணிச்சலை விருந்தினருக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த கூடம் அது. தன்பாலீர்ப்பாளர்களின் அன்றாட வாழ்க்கை வேறு தெருக்களில், விளக்கு வெளிச்சம் குறைந்த சிறு அறைகளில் நடந்தது. இன்றைக்கும் அந்தக் காலத்தைக் குறிக்க எல்டொராடோவின் படத்தையே எடுத்துப் போடுவது, அந்தச் சிறு அறைகளுக்குச் செய்யும் அநீதி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் எல்டொராடோவின் மேடையில் நின்றவர்களுக்கு அது வேடிக்கை இல்லை, பிழைப்பு. பிறப்பில் ஆண் என்று பதிவான ஒருவர் பெண்ணுடையில் தெருவில் நடந்தால், பொது அமைதியைக் குலைத்தார் என்று கைதாகலாம். இதற்கு ஹிர்ஷ்ஃபெல்டும் அவரோடு பணியாற்றிய மருத்துவர்களும் ஒரு வழி கண்டார்கள். இந்த நபர் இந்த உடையில் வாழ்வதே அவருடைய இயல்புக்கு ஏற்றது என்று மருத்துவச் சான்று எழுதித்தர, காவல்துறை அதன்பேரில் ஓர் அடையாள அட்டை வழங்கியது. 1909-ஆம் ஆண்டு அளவில் தொடங்கிய இந்த நடைமுறை குடியரசுக் காலத்திலும் தொடர்ந்தது. மனிதர் ஒருவர் தம் உடையில் தெருவைக் கடக்கக் காவல்துறையின் தாளைப் பையில் வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதில் எத்தனை அவமானம் உண்டோ, அந்தத் தாள் கிடைத்தது என்பதில் அத்தனை விடுதலையும் அன்றைக்கு இருந்தது.

பெண்களின் இரவுகள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐரோப்பாவில் வேறெங்கும் அவை இந்த அளவுக்கு வளரவில்லை. போர்க்காலத்தில் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்த பெண்களில் ஒரு பகுதியினர் போருக்குப் பின்னும் தட்டச்சாளர்களாகவும் கடைப் பணியாளர்களாகவும் தொடர்ந்தார்கள். சொந்தச் சம்பளமும் வாடகை அறையும் இருந்த பெண்ணுக்கே மாலையில் தனியே வெளியே போவது சாத்தியமாயிற்று. ‘டீ ஃப்ராய்ண்டின்’ என்ற இதழ் 1924-இல் லெஸ்பியன் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டு, இடையில் நின்று நின்று 1933 வரை வந்தது. 1926-இல் லோட்டே ஹாம் நிறுவிய வயலெட்டா மகளிர் மன்றம் நடன இரவுகளோடு உரைகளையும் உல்லாசப் பயணங்களையும் ஏற்பாடு செய்தது. ஷ்வெரின் தெருவின் டாப்கெல்லர் என்ற நிலவறைக் கூடத்தில் திங்கள்கிழமைகளில் ‘பிரமிட்’ என்ற மகளிர் சங்கம் கூடியதைப் புகழ்பெற்ற பாடகி க்ளேர் வால்டோஃப் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். தம் துணைவி ஓல்கா ஃபொன் ரோடரோடு பல்லாண்டுகள் வாழ்ந்த வால்டோஃப், பெர்லின் பேச்சுவழக்கில் பாடி நகரம் முழுவதையும் கவர்ந்தவர். 1928-இல் எழுத்தாளர் ரூத் மார்கரெட்டே ரோலிஷ் பெர்லினின் லெஸ்பியன் கூடுமிடங்களைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார், ஹிர்ஷ்ஃபெல்ட் அதற்கு முன்னுரை தந்தார். எந்தக் கூடத்துக்கு யார் வருகிறார்கள், எங்கே உடைக் கட்டுப்பாடு உண்டு, எங்கே ஆண்களுக்கு அனுமதி இல்லை என்பனவெல்லாம் அதில் உண்டு.

தண்டனைச் சட்டம் பெண்களைத் தொடவில்லை என்பதால் அவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குடும்பம், வேலை, குழந்தைகளின் காவல் உரிமை என்று இழப்பதற்கு நிறைய இருந்தது. மணவாழ்க்கையில் சிக்கியிருந்தவர்கள் அந்த இதழ்களுக்கு எழுதிய கடிதங்களில் அந்த அச்சம் தெரியும். 1926 டிசம்பரில் நாடாளுமன்றம் இளைஞர்களைக் கெடுக்கும் எழுத்துக்கு எதிரான சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் பட்டியலில் சேர்க்கப்படும் இதழைக் கடையில் பார்வைக்கு வைக்கக் கூடாது. 1928-இல் ‘டீ ஃப்ராய்ண்டின்’ அதில் சிக்கிச் சுமார் ஓராண்டு வெளிவராமல் போயிற்று. தணிக்கையை ஒழித்த அதே குடியரசு, பத்தாண்டு முடிவதற்குள் வேறொரு பெயரில் அதை மீண்டும் கொண்டுவந்திருந்தது.

பாரிஸின் நிலை தலைகீழானது. பிரெஞ்சுப் புரட்சி 1791-இலேயே தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அங்கே மோன்பர்னாஸின் எட்கார்-கினே சாலையிலிருந்த லெ மோனொக்ல் என்ற மதுக்கூடத்தில் பெண்கள் ஆண்களின் மாலை நேர உடையில் அமர்ந்திருந்ததை ப்ரஸாயின் 1930களின் ஒளிப்படங்கள் காட்டுகின்றன. மாஜிக்-சிட்டி அரங்கில் நோன்புக்கு முந்தைய திருவிழா நாளில் நடந்த மாறுவேட நடன விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், வாசலில் நின்று கேலி செய்யவும் ஒரு கூட்டம் கூடியது. 1934-இல் அந்த விழாக்கள் நின்றன. சட்டத்தில் சுதந்திரம் இருந்தும், பெர்லினுக்கு நிகரான சங்கங்களோ நிலைத்த இதழ்களோ பாரிஸில் எழவில்லை. 1924-இல் தொடங்கிய ‘இன்வெர்சியோன்’ என்ற சிற்றிதழ் ஓரிரு ஆண்டுகளில் வழக்கில் சிக்கி மறைந்தது. 175-ஆவது பிரிவு என்ற பொது எதிரி இருந்ததால்தான் பெர்லினில் அமைப்புகள் வலுப்பெற்றன என்று நினைக்கிறேன். லண்டனில் சட்டமும் கடுமை, காவல்துறையும் கடுமை. எண்டெல் தெருவில் கேரவன் என்ற நிலவறைக் கிளப் 1934-இல் திறந்த சில வாரங்களிலேயே கண்காணிக்கப்பட்டு, ஆகஸ்ட் மாத இரவொன்றில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆம்ஸ்டர்டாமில் பெட் ஃபான் பேரன் என்ற பெண் 1927-இல் திறந்த ’ட் மாண்ட்யே குடிக்கடை மட்டும் போரையும் ஆக்கிரமிப்பையும் தாண்டிப் பல பத்தாண்டுகள் நிலைத்தது.

பெர்லினில் 175-ஆவது பிரிவு கிட்டத்தட்ட விழுந்தேவிட்டது. 1929 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் தண்டனைச் சட்டக் குழு, வயதுவந்த ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க 15-க்கு 13 என்ற வாக்குகளில் முடிவு செய்தது. அதே குழு ஆண் பாலியல் தொழிலுக்கும் இருபத்தோரு வயதுக்குட்பட்டோருடனான உறவுக்கும் கடுந்தண்டனையை முன்மொழிந்தது. மதுக்கூடங்களுக்கு வந்த ஏழை இளைஞர்களைப் பொறுத்தவரை விடுதலை அவர்கள் தலைக்கு மேலாகக் கடந்து போயிருக்கும். அந்த முடிவு பேரவையின் முன் வரவே இல்லை. சில நாள்களில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் நாஜிகள் இரண்டாவது பெரிய கட்சியானார்கள். சட்டத் திருத்தம் கிடப்பில் போடப்பட்டது.

இந்த இடத்தில் இடதுசாரிகளின் பங்கையும் மறைக்கக் கூடாது. நாஜித் தாக்குதல் படையின் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் தன்பாலீர்ப்பாளர் என்பதை 1931-32-இல் சமூக ஜனநாயகவாதிகளின் பத்திரிகைகள் அவருடைய அந்தரங்கக் கடிதங்களை வெளியிட்டு அம்பலப்படுத்தின. நாடாளுமன்றக் குழுவில் 175-ஐ நீக்க வாக்களித்த கட்சி, தேர்தல் மேடையில் அதே விருப்பத்தை இழிவின் அடையாளமாக்கியது. நாஜிகளை அது வீழ்த்தவில்லை. மக்களின் வெறுப்புக்கு மட்டும் அது தீனி போட்டது.

மூடல் ஹிட்லர் பதவியேற்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1932 ஜூலை 20 அன்று பிரதமர் ஃபொன் பாபன் பிரஷ்ய மாநிலத்தின் சமூக ஜனநாயக அரசைக் கலைத்தார். பெர்லின் காவல் ஆணையர் க்ர்ஷெசின்ஸ்கி நீக்கப்பட்டு, குர்ட் மெல்ஷர் அந்த இடத்துக்கு வந்தார். நகரின் ஒழுக்கக்கேடான இரவு வாழ்க்கையை ஒழிப்பதாக அறிவித்த அவர், அந்த ஆண்டே தன்பாலீர்ப்பாளர்களின் நடன நிகழ்ச்சிகளுக்குத் தடை விதித்தார். 175-ஆவது பிரிவில் ஓர் எழுத்துகூட அப்போது மாறவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் நிர்வாகம் தந்துவந்த சலுகையை நிர்வாகமே எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். நடனம் போனால் கூடத்தின் வருமானம் போகும், கூடம் போனால் இதழின் விளம்பரம் போகும், இதழ் போனால் சங்கத்தின் குரல் போகும். ஒன்றையொன்று தாங்கி நின்றவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சரிந்தன.

1933 பிப்ரவரி 23 அன்று, நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்கு வந்திருந்த பிரஷ்ய உள்துறை அமைச்சகம் இத்தகைய கூடங்களை மூட உத்தரவிட்டது. மார்ச் தொடக்கத்தில் மூடப்பட்டவற்றின் பெயர்கள் செய்தித்தாள்களில் வந்தன. க்ளைஸ்ட்-காசினோவும் டோரியன் கிரேயும் அதில் இருந்தன. மோட்ஸ் தெருவின் எல்டொராடோ முகப்பில், பழைய வாசகம் அப்படியே இருக்க, ஹிட்லருக்கு வாக்களிக்கச் சொல்லும் சுவரொட்டிகளும் சுவஸ்திகாவும் ஏறின. மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிலையம் சூறையாடப்பட்டது. நான்கு நாள் கழித்து அதன் நூலகம் ஓபரா சதுக்கத்தில் எரிந்தது. அப்போது வெளிநாட்டில் இருந்த அவர் நாடு திரும்பவே இல்லை. 1935-இல் தம் 67-ஆவது பிறந்த நாளன்று நீஸ் நகரில் இறந்தார். அந்த ஆண்டு ஜூனில் 175-ஆவது பிரிவு திருத்தப்பட்டு, நீதிமன்றங்களின் பழைய விளக்கம் தூக்கியெறியப்பட்டது. இனி ஒரு தொடுகையும் பார்வையுமே வழக்குக்குப் போதும். 1938-இல் மட்டும் தண்டனை பெற்றோர் எட்டாயிரத்துக்கும் மேல். நாஜி ஆட்சியில் சுமார் ஐம்பதாயிரம் பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஐயாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் பேர் வரை, தன்பாலீர்ப்பாளர் என்று காட்ட உடையில் தைக்கப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். காவல்துறை பல பத்தாண்டுகளாக மிரட்டல்காரர்களைப் பிடிப்பதற்கென்று சேர்த்த பெயர்ப் பட்டியல்களும் இப்போது இன்னொரு வேலைக்குக் கிடைத்தன.

போருக்குப் பின் மேற்கு பெர்லினில் ஷோனபெர்க்கின் அதே தெருக்களில் மதுக்கூடங்கள் மீண்டும் திறந்தன. ஆனால் கிழக்கு ஜெர்மனி 1950-இல் சட்டத்தின் பழைய வடிவத்துக்குத் திரும்பியபோதும், மேற்கு ஜெர்மனி 1935-இன் வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டது. 1957-இல் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1969 வரை அங்கே ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்கள் அதன்கீழ் தண்டிக்கப்பட்டார்கள். வதைமுகாமிலிருந்து உயிரோடு வந்தவர்கள் சிலர் மீண்டும் அதே பிரிவின்கீழ் சிறைக்குப் போனார்கள். பிரிவு முழுமையாக நீக்கப்பட்டது 1994-இல். நாஜிக் காலத் தண்டனைகள் ரத்தானது 2002-இல், போருக்குப் பிந்தைய தண்டனைகள் ரத்தானது 2017-இல். தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.